கட்டளை இருந்தும் மகளைப் பார்க்க முடியவில்லை: கொட்டாஞ்சேனைத் தந்தைக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் 39 வயதுத் தந்தை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விவாகரத்துக் கிடைத்தது. தரம் 3 இல் படிக்கும் 8 வயது மகளின் கட்டுக்காப்பு, அதாவது பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கும் பொறுப்பு, தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளிலும், பாடசாலை விடுமுறையில் பாதி நாட்களிலும் பிள்ளை தந்தையோடு இருக்கலாம் என்று கட்டளை உள்ளதாக அவர் எழுதுகிறார். முதல் ஒன்றரை ஆண்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடந்த பெப்ரவரியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. 13 சனிக்கிழமைகளில் 3 நாட்களே மகளைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் நடன வகுப்பு, ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கலியாணம் என்று காரணங்கள் வந்தன. பிறகு காரணமே வரவில்லை. வெள்ளவத்தையில் உள்ள தொடர்மாடியின் கீழே மணிக்கணக்கில் நின்று, “வீட்டில் ஆட்கள் இல்லை ஐயா” என்று காவலாளி சொல்வதைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். பொலிஸில் இரண்டு முறை முறைப்பாடு செய்தபோது, இது நீதிமன்றம் பார்க்க வேண்டிய விடயம் என்று பதில் கிடைத்தது.

ஆத்திரத்தில், நீதவான் நீதிமன்றக் கட்டளைப்படி பிள்ளையின் பராமரிப்புக்காகக் கொடுத்துவந்த மாதம் 40,000 ரூபாய் தாபரிப்புப் பணத்தைக் கடந்த இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். பாடசாலை வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று ஒரு நண்பரும், ஆட்கொணர்வு மனுப் போடு என்று இன்னொருவரும், சட்டப்படி தகப்பனுக்குத்தான் முதல் உரிமை என்று பெரியப்பா ஒருவரும் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் தாய் மாமன் சென்னையில் இருப்பதால், மகளை நிரந்தரமாக அங்கே கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. சென்ற புதன்கிழமை தொலைபேசியில் மகள், “அப்பா, நீங்கள் வர வேண்டாம்” என்று சொன்னாளாம். “அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?” என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிள்ளைக்கென்று வாங்கிய கதைப் புத்தகம் ஐந்து மாதமாக மேசை மேலேயே கிடக்கிறது என்று நீங்கள் எழுதிய இடத்தில் சற்று நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிக்க முடிந்தது. உங்களுக்கு நடப்பது அநியாயம். உங்கள் மகளுக்கு நடப்பது அதைவிடப் பெரிய அநியாயம். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரை, பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளை இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதைப் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. அந்தத் தொடர்பு பிள்ளையின் நலனுக்குக் கேடாக இருந்தால் மட்டுமே விலக்கு. நீங்கள் இந்த விடயத்தில் எடுக்கும் ஒவ்வோர் அடியையும் “என் உரிமை” என்ற இடத்திலிருந்து எடுக்காமல் “அவள் உரிமை” என்ற இடத்திலிருந்து எடுத்தால், நீதிமன்றத்தில் உங்கள் பேச்சும் மாறும், நீதிபதி அதைக் கேட்கும் விதமும் மாறும்.

முதலில் கட்டளையைக் கையில் எடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சிறு வரி. “கட்டளை சிங்களத்தில் இருப்பதால், அன்று சட்டத்தரணி சொன்னதை நினைவில் வைத்து எழுதுகிறேன்” என்கிறீர்கள். அப்படியானால், உங்கள் வாழ்க்கையை இரண்டு ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கும் ஒரு பத்திரத்தின் சொற்கள் உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. கொழும்பில் வாழும் நம்மவர்களில் பலருக்கு இதே நிலைதான். வழக்கு முடிந்த களைப்பில் வெளியே வந்து, வராந்தாவில் நின்றபடி சட்டத்தரணி இரண்டு நிமிடத்தில் சொன்னதையே தீர்ப்பென்று நம்பிக்கொண்டு போய்விடுகிறோம்.

புதுக்கடையில் உள்ள நீதிமன்றப் பதிவகத்தில் உங்கள் வழக்கிலக்கத்தைக் கொடுத்து, தீர்ப்பினதும் கட்டுக்காப்புக் கட்டளையினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைப் பெறுங்கள். பிறகு ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு விசாரணையின் போதும் இதே கவனம் தேவை: நீதிமன்றத்தில் பயன்படும் மொழி புரியாத வழக்காளிக்குத் தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை தருகிறது. அதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. “ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, இன்ன இடத்தில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்” என்று கட்டளை சொன்னால், அதை மீறியவர் யார் என்பது கடிகாரத்தைப் பார்த்தே தெரியும். “தந்தை நியாயமான முறையில் பிள்ளையைப் பார்வையிடலாம்” என்று மட்டும் சொன்னால், எது நியாயம் என்பதே தகராறாகிவிடும். உங்கள் முன்னாள் மனைவி தான் எதையும் மீறவில்லை என்று மனதார நம்பவும் அதில் இடம் உண்டு. அவர் உங்களுக்கு அனுப்பிய செய்தி ஒன்றில் “கோட்டில் அப்படி நாள் நேரம் ஒன்றும் போடவில்லை” என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவெடுக்க முன், கட்டளையை வாசியுங்கள்.

தாபரிப்பை நிறுத்தியது உங்கள் வழக்கைப் பலவீனமாக்குகிறது

நீங்கள் விரும்பாத பதிலாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைப் பார்ப்பதும் பிள்ளைக்குப் பணம் கொடுப்பதும் நம் சட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று விலையல்ல. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையை, “எனக்குப் பிள்ளையைக் காட்டவில்லை” என்ற காரணம் சொல்லி நிறுத்த முடியாது. நிலுவை சேர்ந்தால் பிடியாணை வரலாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி கட்டளை வரலாம், சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். அதேபோல, நீங்கள் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை மறைத்து வைக்கும் அதிகாரம் தாய்க்கும் இல்லை. இரு பக்கத்திலும் இந்தத் தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஐந்து மாதமாக உரிமை மறுக்கப்பட்டவர் நீங்கள். ஆனால் நாளை நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் வாக்கியமாகச் சொல்லப்போவது, “மனுதாரர் தன் பிள்ளைக்கு இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்குக் கொடுக்கவில்லை” என்பதுதான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் தற்காப்பாகவே கேட்கும். ஆகவே 80,000 ரூபாய் நிலுவையை இந்த வாரமே செலுத்துங்கள். கையில் கொடுக்காதீர்கள், உறவினர் மூலமும் அனுப்பாதீர்கள். கட்டளை சொன்ன வழியில், வங்கி மூலமோ நீதிமன்றத்தின் ஊடாகவோ, சான்று மிஞ்சும் வகையில் செலுத்துங்கள். உண்மையிலேயே வருமானம் குறைந்திருந்தால், தொகையைத் திருத்தக் கோரி அதே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தன்னிச்சையாகக் குறைப்பதற்கோ நிறுத்துவதற்கோ வழியில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று வழிகள்

பாடசாலை வாசலுக்குப் போக வேண்டாம். கட்டுக்காப்பு இப்போது தாயிடம் இருக்கிறது. கட்டளையில் இல்லாத ஒரு நாளில், தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோனால், சட்டபூர்வமான பாதுகாவலிலிருந்து பிள்ளையைக் கடத்தினார் என்று தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் உங்கள் மீது முறைப்பாடு வரலாம். தகப்பன் என்பதால் அந்தக் குற்றச்சாட்டு இறுதியில் நிற்காமலே போகலாம். ஆனால் உங்கள் மகள் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோர் இழுபறிப்படுவதைப் பார்த்தது பார்த்ததுதான். தொடர்மாடிக் கதவடியில் குரலை உயர்த்துவதையும் தவிருங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னாள் வாழ்க்கைத் துணைக்கும் பொருந்தும். அச்சுறுத்தல் என்று நீதவானுக்குத் தோன்றினால் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். உண்மையான வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு அது உயிர் காக்கும் சட்டம். நீங்கள் அந்தச் சட்டத்தின் எதிரில் நிற்கும் ஆளாக ஆகிவிடக் கூடாது.

ஆட்கொணர்வு மனு என்பது, சட்டவிரோதமாக வைத்திருக்கப்படும் ஒருவரைத் தன் முன் கொண்டுவரும்படி நீதிமன்றத்தைக் கோருவது; அரசியலமைப்பின் 141 ஆவது உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுவது. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு. பிள்ளைகள் தொடர்பான வழக்குகளில் அது நீண்டகாலமாகப் பயன்பட்டு வருவது உண்மைதான். ஆனால் உரிமை இல்லாத ஒருவர் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கும்போதே அது கூர்மையான ஆயுதம். நீதிமன்றமே பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்திருக்கையில், “தாய் பிள்ளையைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்” என்று நீங்கள் வாதிடுவது கடினம். செலவும் காலமும் வீணாகும். கட்டளை பிறந்த நீதிமன்றத்துக்கே திரும்பிப் போவதுதான் உங்களுக்கான வழி.

பெரியப்பா சொன்னதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. பிள்ளைகளின் கட்டுக்காப்பு விடயத்தில் நமக்குப் பொருந்துவது ரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கும் அப்படித்தான், அவர்களுடைய மரபுச் சட்டமான தேசவழமை இன்று பெரிதும் சொத்து விடயங்களோடு நின்றுவிடுகிறது. திருமணம் நிலைத்திருக்கும் வரை தந்தையே இயற்கைப் பாதுகாவலர், கட்டுக்காப்பிலும் அவருக்கு முன்னுரிமை என்று அந்தச் சட்டத்தின் கீழ் நம் நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் சொல்லி வந்தன. ஆனால் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற கோட்பாடு அந்த முன்னுரிமையை வெகுவாகக் கரைத்துவிட்டது. திருமணமே கலைந்து, கட்டளையும் பிறந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. எனினும் அதிலிருந்து உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று மிஞ்சுகிறது. பிள்ளை யாரோடு வாழ்வது என்ற கட்டுக்காப்பு வேறு, பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பானவர் என்ற பாதுகாவலர் நிலை வேறு. கட்டளை வெளிப்படையாக நீக்காத வரை நீங்கள் இன்னும் அவளுடைய பாதுகாவலர்தான். பாடசாலையின் முன்னேற்ற அறிக்கையைக் கேட்டு அதிபருக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதலாம்; நோய் என்றால் மருத்துவ விபரம் கேட்கலாம். இவை சிறிய கதவுகள். இப்போது உங்களுக்குத் திறக்கக்கூடியவை அவைதான்.

நீதிமன்றத்தில் எதைக் கேட்பது

விவாகரத்துத் தீர்ப்போடு மாவட்ட நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. பிள்ளைக்கு 18 வயதாகும் வரை அவளுடைய கட்டுக்காப்பு, பார்வையிடல், கல்வி ஆகியவை பற்றிய கட்டளைகளை மாற்றவும் தெளிவுபடுத்தவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதே வழக்கில், நடந்ததைச் சத்தியம் செய்து எழுதிய சத்தியக் கடதாசியுடன் ஒரு விண்ணப்பம் தாக்கல் செய்தால் போதும். புதிதாக வழக்குத் தொடர வேண்டியதில்லை.

பலர் இந்த இடத்தில் நேரே நீதிமன்ற அவமதிப்புக்குப் போக விரும்புகிறார்கள். அந்த வழி இருக்கிறது. 2024 இல் நீதிமன்ற அவமதிப்புக்கெனத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் அவமதிப்பு என்பது குற்றத்தன்மை கொண்ட நடவடிக்கை. கட்டளை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தது, அவர் அதை அறிந்திருந்தார், அறிந்தே மீறினார் என்பதெல்லாம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். தெளிவற்ற கட்டளையை வைத்துக்கொண்டு அங்கே போனால் தோற்பீர்கள். வென்றாலும், தன் தாயைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தவர் என்ற பெயரோடுதான் மகளின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் விண்ணப்பம் கட்டளையைத் தெளிவாக்கக் கோருவதாக இருக்கட்டும். தெளிவான கட்டளை வந்த பிறகும் கதவு மூடியே இருந்தால், அப்போது அவமதிப்பு நடவடிக்கைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும்; தொடர்ந்து தடுப்பவர் பிள்ளையின் நலனைக் கருதுகிறாரா என்ற கேள்வியை எழுப்பி, கட்டுக்காப்பையே மறுபரிசீலிக்கக் கோரவும் முடியும். அந்தக் கடைசி வழியை எளிதாகக் கிடைப்பதென்று எண்ண வேண்டாம். 8 வயதுப் பெண் பிள்ளையை அவள் பழகிய வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்க எந்த நீதிபதியும் பலமுறை யோசிப்பார், அப்படி யோசிக்கத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியவற்றைத் துல்லியமாக எழுதச் சொல்லுங்கள். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொண்டுவந்து விடுவது. நோயென்றால் எப்போது அறிவிப்பது, தவறிய நாளுக்கு ஈடாக எந்த நாள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் எந்த வாரம் யாருக்கு. பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் எப்படி. புதன்கிழமைத் தொலைபேசி அழைப்பு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் இடமாகப் பொலிஸ் நிலையத்தைக் கேட்க வேண்டாம். நீதிமன்றங்கள் சில வேளை அப்படிக் கட்டளையிடுவது உண்டு. இரு தரப்பும் அடிபடும் நிலையில் அது தேவையாகவும் இருக்கலாம். உங்கள் நிலை அதுவல்ல. பம்பலப்பிட்டியில் பிள்ளை வழக்கமாக அம்மம்மாவோடு போகும் கோயில் வாசலில் சந்தித்த அந்த மூன்று சனிக்கிழமைகளும் சண்டையில்லாமல் கழிந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மம்மாதான் உங்களுக்கு இருக்கும் பாலம். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

நடன வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது சனிக்கிழமை காலையில் நடப்பதால் உங்கள் நேரத்தைத் திருடுகிறது என்று கோபப்படுகிறீர்கள். வகுப்புக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய், முடியும் வரை வெளியே காத்திருந்து, பிறகு அங்கிருந்தே விஹாரமகாதேவி பூங்காவுக்கோ தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கோ போகலாம் என்று எழுத்தில் சொல்லிப் பாருங்கள். இப்படி நடக்கக்கூடிய ஒரு யோசனையை நீங்கள் முன்வைத்திருப்பதும், அதற்கு வந்த பதிலும், நீதிபதி பார்க்க வேண்டிய சான்றுகளே.

சான்று என்றதும் இன்னொன்று. இனி ஒவ்வொரு சனிக்கிழமையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, போன நேரம், கிடைத்த பதில், திரும்பிய நேரம். வர்ணனை வேண்டாம், கோபமும் வேண்டாம். முதல் நாள் மாலை “நாளை 10 மணிக்கு வருகிறேன்” என்று வட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஒரு நாள் திறந்த நீதிமன்றத்தில் உரத்து வாசிக்கப்படும் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள். சென்ற மே மாதம் இரவு 11 மணிக்கு நீங்கள் அனுப்பியதாகச் சொல்லும் அந்த நீண்ட குரல்பதிவும் போட்டுக் கேட்கப்படும். அதை மறைக்கப் பார்க்காதீர்கள். அதற்கு வருத்தம் தெரிவித்து இன்றே இரண்டு வரி எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாடுகளின் பிரதிகளையும் எடுத்து வையுங்கள். பொலிஸார் கட்டளையை நடைமுறைப்படுத்தித் தரமாட்டார்கள், ஆனால் நீங்கள் அன்றைக்கு முயன்றீர்கள் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி.

பிள்ளையை ஒலிப்பதிவு செய்வதும், அவளிடம் “அம்மா என்ன சொன்னார்” என்று கேட்டுக் குறிப்பெடுப்பதும் வேண்டவே வேண்டாம். நீதிபதி விரும்பினால் அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்த குடும்ப ஆலோசகரிடம் அனுப்பவும் முடியும். இன்ன வயதுக்குப் பிறகு பிள்ளையே தீர்மானிக்கலாம் என்று ஒரு வயதை நம் சட்டம் வரையறுக்கவில்லை. அவள் சொல்வதற்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பது அவளுடைய முதிர்ச்சியையும், அது அவளுடைய சொந்தக் குரலா என்பதையும் பொறுத்தது.

சென்னைப் பயணம் பற்றிய பயம்

இது வெறும் சந்தேகமாக இருக்கலாம். ஆனால் தவறினால் திருத்தக் கடினமான விடயம் என்பதால் அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டிலிருந்து பிள்ளை முறையின்றிக் கொண்டுசெல்லப்பட்டால் திருப்பி அனுப்புவதற்கான 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தில் இலங்கை இணைந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இந்தியா அந்தச் சமவாயத்தில் இல்லை. பிள்ளை சென்னையில் குடியேறி, அங்கே பாடசாலையிலும் சேர்ந்துவிட்டால், இங்கிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பித் திருப்பி அழைக்கும் வழி உங்களுக்குக் கிடைக்காது. அங்குள்ள நீதிமன்றத்தில்தான் போராட வேண்டும். வரும் முன் காப்பது மட்டுமே இங்கே உண்மையான காப்பு.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். கட்டுக்காப்புக் கட்டளை கையில் இருக்கும் பெற்றோரின் நிலை வேறு. அவளிடம் ஏற்கனவே கடவுச்சீட்டு இருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அதே விண்ணப்பத்தில், நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்ற இடைக்காலக் கட்டளையையும் கேளுங்கள். கிடைத்தால் அதன் அத்தாட்சிப் பிரதியை பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைமையகத்தில் தாமதமின்றி ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இந்தக் கோரிக்கையை எழுதும்போது ஒரு நியாயத்தைக் கடைப்பிடியுங்கள்: விடுமுறைக்குப் பத்து நாள் மாமன் வீட்டுக்குப் போய் வருவதை நீங்கள் எதிர்க்கவில்லை, திகதியும் திரும்பும் பயணச்சீட்டும் காட்டினால் சம்மதிப்பீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். பிள்ளைக்கு அந்த மாமனும் வேண்டும்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு விடயம் இருக்கிறது. ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, நீங்கள் மறுமணம் செய்ய இருக்கும் பெண்ணை மகளுக்கு அறிமுகப்படுத்தினீர்கள். “இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்று உடனே எழுதியும் விட்டீர்கள். ஆனால் பெப்ரவரி முதல் சனிக்கிழமையிலிருந்துதான் கதவு மூடத் தொடங்கியது. சகோதரரே, சம்பந்தம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மறுமணம் உங்கள் உரிமை; அது பிள்ளையைப் பார்க்கும் உரிமையை எந்த வகையிலும் குறைக்காது. தாய் அதற்காகப் பிள்ளையை நிறுத்தி வைப்பது தவறுதான். ஆனாலும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 8 வயதுப் பிள்ளையை ஓர் உணவகத்தில் உட்கார வைத்து, “இவர் இனி நம் வீட்டில் இருப்பார்” என்று சொன்னது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? அந்தச் செய்தியை வெள்ளவத்தை வரை அவள்தானே சுமந்துகொண்டு போயிருக்கிறாள். தாய் அதை உங்கள் வாயால் கேட்கவில்லை, பிள்ளையின் அழுகையில் கேட்டிருக்கிறார். உங்கள் முன்னாள் மனைவிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ அதில் எழுத வேண்டாம். அவருக்கு முதலில் சொல்லாமல் விட்டது பிழை என்பதையும், மகள் தயாராகும் வரை அந்தச் சந்திப்பு மறுபடி நடக்காது என்பதையும் மட்டும் எழுதுங்கள். விண்ணப்பம் தாக்கல் செய்யும் முன்பே அந்தக் கடிதம் போகட்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால், காத்திருக்காமல் நீதிமன்றத்துக்குப் போங்கள். சென்னைப் பேச்சு உறுதியானதாகத் தெரிந்தால் அந்த ஒரு மாதமும் வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் புதுக்கடையில் இருக்கிறது. வருமான வரம்புக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதை நேரில் கேட்டுப் பாருங்கள். வராவிட்டாலும் ஆலோசனை கிடைக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. “அப்பா, நீங்கள் வர வேண்டாம்” என்று அவள் சொன்னதை நீங்கள் அம்மாவின் சொல் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் தந்தை வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டில் ஒரு பதற்றம் எழுவதைப் பார்க்கும் பிள்ளை, பதற்றம் நிற்க வேண்டும் என்பதற்காகவும் அப்படிச் சொல்வாள். அவளிடம் காரணம் கேட்காதீர்கள், “அம்மா சொல்லச் சொன்னாரா?” என்றும் கேட்காதீர்கள். வரும் புதன்கிழமை அழைக்கும்போது, “சரி செல்லம், நீ சொன்னதில் அப்பாவுக்குக் கோபமே இல்லை. நீயும் நானும் எப்போது பார்க்கிறது என்பதைப் பெரியவர்கள் பேசி முடிவெடுப்போம், அது உன்னுடைய வேலை இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்து, அவள் கேட்கச் சம்மதித்தால், தொலைபேசியிலேயே முதல் இரண்டு பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். மீதியை அடுத்த புதன்கிழமைக்கு வையுங்கள்.